ஏரிக்குப் பரம்படிக்க வந்தவர்கள்

ஏரி என்றால் எல்லோரும் தண்ணீரைப் பார்ப்பார்கள். நான் சேற்றைப் பார்த்துச் சம்பளம் வாங்கினவள். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை என்று சொன்னால், அந்தக் காலத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். "ஏரிக்குள் இறங்கிச் சேறு எடுப்பேன்" என்று நான் அடுத்த வரியைச் சொன்னதும் எடுத்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிடுவார்கள். அம்மா உள்ளே கூப்பிட்டுத் திட்டுவாள்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேசச் சொல்லி உங்கள் அதிகாரி கேட்டபோது, கருவிகளைப் பற்றிச் சொல்லட்டுமா என்றேன். "அதெல்லாம் அவங்களுக்கே தெரியும்மா" என்றார். நல்லதாகப் போயிற்று. எங்கள் கருவிகளைப் பார்த்தால் நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். அதனால் வேறொன்று சொல்கிறேன். கையில் சரியான விடை இருந்தது. வாயைத் திறந்தேன். எல்லாம் தலைகீழாகப் போயிற்று. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை.

எழுபதுகளில், கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியிருந்த சமயம் அது. ஆரம்பாக்கத்துக்குக் கொஞ்சம் தெற்கே ஒரு சின்ன ஏரி. பக்கத்தில் நெல் அவிக்கும் ஆலை. நெல் ஊறிய தண்ணீரை வருஷக்கணக்காக ஏரிக்குள் விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நாற்றம் ஆலைப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் தெரிந்துகொள்ளாமலே இருக்கலாம். ஊரார் சண்டை போட்டதில் ஆலைக்காரர் கழிவு வாய்க்காலை வேறு பக்கம் திருப்பிவிட்டார். பிரச்சினை தீர்ந்தது என்று ஊர் நினைத்தது.

நான் திருவள்ளூர்க்காரி, கோயில் கைங்கர்யக் குடும்பம். எங்கள் ஊர்க் குளத்தில் வேண்டிக்கொண்டு வெல்லம் கரைப்பார்கள். கரைந்ததும் வெல்லம் எங்கோ போய்விட்டது என்றுதான் சின்ன வயதில் நானும் நினைத்திருந்தேன். தண்ணீரில் போட்டது எதுவும் எங்கேயும் போவதில்லை. ஆலைக் கழிவோடு வந்த சத்தெல்லாம் ஏரியின் அடிச்சேற்றில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

அந்தச் சேற்றில் வேலம்பாசி காடாக வளர்ந்திருந்தது. வேர் சேற்றில் இருக்கும், உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும். பாசி உள்ள இடத்துச் சேற்றையும் பாசி இல்லாத வெறும் இடத்துச் சேற்றையும் எடுத்து, எதிலிருந்து அதிகச் சத்து தண்ணீருக்குள் கசிகிறது என்று பார்ப்பது என் வேலை. விடை தெளிவாக வந்திருந்தது. வேலம்பாசி சேற்றிலிருந்து சத்தை உறிஞ்சித் தன் உடம்பில் சேர்த்துக்கொண்டது. அது போதாதென்று, வேர் வழியாகக் கொஞ்சம் காற்றைச் சேற்றுக்குள் விட்டு, மிச்சமிருந்த சத்தை மண்ணின் இரும்போடு சேர்த்துக் கட்டிப்போட்டது. பாசி இல்லாத இடத்தில் அந்தக் காவல் கிடையாது. சேற்றைக் கலக்கினால் அத்தனையும் மேலே வரும். வந்தால் தண்ணீர் முழுக்கப் பச்சை படரும், பச்சை அழுகும், விடியற்காலையில் தண்ணீருக்குள் காற்றில்லாமல் மீன் மூச்சு முட்டிச் சாகும்.

மீன் செத்தால் நொடித்துப்போவது கோதண்டம்தான். ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர். அதற்கு முன்பு எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிகளுக்கு மூட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். முதுகு போய்விட்டது, நிமிர்ந்து நிற்க ஒரு கையை இடுப்பில் ஊன்றவேண்டும். அந்த வருஷம்தான் முதல் தடவையாகக் கெண்டைக்குஞ்சு விட்டிருந்தார். "மீனு போச்சின்னா மறுபடியும் மூட்டதாம்மா. முதுவு தாங்காது" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அதற்கப்புறம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டது ஒரே கேள்விதான்: "டாக்டரம்மா, என் மீனு பொழைக்குமா?" ஜீப்பில் வரும் பெண் டாக்டராகத்தான் இருக்கவேண்டும் என்று ஊர் முடிவு செய்திருந்தது. மூட்டு வலிக்கு என்னிடம் மாத்திரை கேட்டுக் கிடைக்காமல் கோபித்துக்கொண்டவர்களும் உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, சேறு எடுக்க ஜீப்பில் போனேன். என்னோடு டிரைவர் மட்டும்தான். எங்கள் பிரிவுத் தலைவருக்கு, பெரியவர் என்றுதான் சொல்வோம், கண்வலி. வீட்டில் இருந்தார். ஏரிக்கரையில் பார்த்தால் தோரணம் கட்டியிருக்கிறது, ஊரே நிற்கிறது, பானகம் கரைக்கிறார்கள்.

"என்ன தலைவரே, திருவிழாவா?" என்று பஞ்சாயத்துத் தலைவரைக் கேட்டேன்.

"சிரமதானம்மா! ஏரிய சுத்தம் பண்றோம். இந்தப் பாசி மதகாண்ட அடைச்சிக்கினு தண்ணி எறங்கவே மாட்டேங்குது. போகத்துக்கு போகம் கடைமடை காஞ்சி போவுது. தாசில்தாரு வந்துக்கினு கீறாரு. அவரு வந்து கொடி காட்டுனதும் அல்லாத்தையும் இன்னிக்கே இஸ்து போட்ருவோம்."

"எப்படி இழுப்பீங்க?"

அவர் பெருமையாகக் கையைக் காட்டினார். கரையோரம் எருமைக்கடாக்கள் ஜோடி ஜோடியாக நின்றன. ஒவ்வொரு ஜோடிக்கும் பின்னால் ஒரு பரம்புப் பலகை. நடவுக்கு முன்னால் வயல் சேற்றைக் கலக்கிச் சமன் செய்வார்களே, அந்தப் பலகை. கோடையாதலால் ஏரியில் இடுப்பளவுத் தண்ணீர்தான்.

"நெலத்துக்கு பரம்படிக்கிறோம்ல? அதே மாதிரி ஏரிக்கு. ஒரு பாசி தங்காது!"

நெல் விளைவிக்கிற ஊருக்குத்தான் இந்த யோசனை வரும். சேறு எங்கே இருந்தாலும் அவர்களுக்கு அது வயல். வேறு ஏரியாக இருந்தால் நான் சிரித்தே இருப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்த சத்து முழுவதையும் ஒரே நாளில் கிளப்பிவிடுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நானே திட்டம் போட்டிருந்தாலும் செய்திருக்க முடியாது.

கோதண்டம் கூட்டத்தை விட்டுத் தள்ளி நின்றுகொண்டிருந்தார். ஊரை எதிர்த்துப் பேச அவருக்குத் தைரியம் இல்லை. என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "சொல்லும்மா, நீ சொன்னா கேப்பாங்கோ" என்றார்.

கேட்பார்களாம்! எனக்கு அங்கே என்ன அதிகாரம்? சேறு எடுக்க அனுமதி இருந்தது, அவ்வளவுதான். டிரைவரை ரயில் ஸ்டேஷனுக்கு அனுப்பி, பெரியவருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, அவரைக் கையோடு அழைத்துவரச் சொன்னேன். அவர் வரும்வரை ஊரை நிறுத்திவைக்கவேண்டும்.

உங்களுக்கெல்லாம் ஒரு நம்பிக்கை இருக்கும், கண்ணால் பார்த்தால் யாரும் ஒத்துக்கொள்வார்கள் என்று. எனக்கும் அன்றைக்குக் காலைவரை இருந்தது. ஜீப்பிலிருந்து எடுத்துவைத்திருந்த பெட்டியைத் திறந்து, கரைமேல் இரண்டு பாட்டில்களை வைத்தேன். ஒன்றில் போன தடவை பாசி உள்ள இடத்துச் சேற்றிலிருந்து பிழிந்து வடிகட்டிய தண்ணீர். மற்றதில் வெறும் இடத்துச் சேற்றிலிருந்து எடுத்தது. இரண்டிலும் மருந்து விட்டால், சத்து எவ்வளவோ அவ்வளவு நீலம் ஏறும். ஊர் முழுக்கச் சுற்றி நின்றது. தலைவர் முன்வரிசைக்கு வந்தார். பாசி இடத்துப் பாட்டில் லேசாக வெளுத்த நீலத்தில் நின்றது. வெறும் இடத்துப் பாட்டில் பேனா மை மாதிரி கருநீலமாயிற்று. "ஆ!" என்று ஒரு சத்தம். எனக்கு மேடை ஏறிய சந்தோஷம்.

தணிகாசலம் என்று கடைமடை விவசாயி ஒருவர், இரண்டு போகமாக வயல் காய்ந்தவர், குனிந்து கருநீலத்தைப் பார்த்தார். "நீலம்னா இன்னாம்மா அர்த்தம்?"

"சத்து. பயிருக்கு உரம் போடறீங்களே, அதில் இருக்கிற அதே சத்து. சேற்றைக் கலக்கினா இவ்வளவும் தண்ணிக்கு வந்துடும்."

"உரமா?"

"ஆமாம்."

"மெய்யாலுமே உரமா?"

"ஆமாம் என்கிறேனே!"

தணிகாசலம் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். "அட்ரா சக்க! உர மூட்டைக்கு பொன்னேரில க்யூவுல நின்னு பேஜாரா பூட்ச்சி. நம்ம ஏரிக்குள்ளயே உரக் கிடங்கு கீதே! கலக்குங்கடா, நல்லா அடி வரைக்கும் கலக்குங்க!"

கைதட்டினார்கள். எருமைக்காரர்கள் கயிற்றைப் பிடித்தார்கள். கோதண்டம் அங்கேயே தலையில் கை வைத்துக் குந்திவிட்டார். தலைவர் என்னிடம், "ஷோக்கா சொன்னம்மா, தாசில்தாரு வந்ததும் இன்னொரு தபா செஞ்சி காட்டு" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார்மேல் கோபப்படுவது? தணிகாசலம் தப்பாக எதுவும் புரிந்துகொள்ளவில்லை. நான் சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டார். எனக்கு அது மாசு, அவருக்கு உரம், இரண்டும் உண்மை. பிள்ளைகளே, இதை நன்றாக மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லும் விடையை மற்றவர்கள் உங்கள் மேஜையில் உட்கார்ந்து கேட்பதில்லை. அவரவர் காய்ந்த வயலில் நின்றுகொண்டு கேட்கிறார்கள்.

"மீன் செத்துடும்" என்று கத்தினேன்.

"மீனு அவருது. நெலம் எங்களுது. நீங்களே சொல்லுங்க, நாங்க இன்னா பண்றது?" என்றார் தணிகாசலம். குரலில் வம்பு இல்லை, நிஜமாகவே கேட்டார்.

தாசில்தாரிடம் புகார் செய்வேன் என்று மிரட்டலாமா என்று ஒரு யோசனை வந்தது. கொடி காட்டப்போவதே அவர்தான். மதகுக்கு முன்னால் மறியல் செய்யலாமா? புடவையோடு எருமைக்கு முன்னால் நின்றால் எருமை நகராது, ஊர் சிரிக்கும். இப்படிக் கண்டபடி யோசித்துக்கொண்டிருந்தபோது தணிகாசலம் வெளுத்த பாட்டிலைத் தூக்கி வெயிலில் ஆட்டிப் பார்த்தார்.

"இதுல ஏம்மா உரம் இல்ல? பாசி மொளைக்கிற எடமாச்சே. உரம் இருந்தாத்தானே மொளைக்கும்?"

நான் அவரையே பார்த்தேன். காலையிலிருந்து கருநீலப் பாட்டிலைக் காட்டிக்கொண்டிருக்கிறேன், காட்டவேண்டியது மற்றது.

"இருந்தது. பாசி எடுத்துக்கிச்சு" என்றேன்.

"எடுத்துக்கினு?"

"தன் உடம்பில் வெச்சிருக்கு. இதில் இல்லாத நீலமெல்லாம் அந்தப் பாசிக்குள்ள இருக்கு."

அவர் ஏரியைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். நான் விடவில்லை. "விளைஞ்ச நெல்லுக்குப் பரம்படிப்பீங்களா?"

"அய்ய, இன்னாம்மா பேச்சு இது? அறுக்கத்தான் செய்வோம்."

"இதையும் அறுங்க. வேர் சேத்துல இருக்கட்டும், மேலே இருக்கிறதை அறுத்து வண்டியில வயலுக்கு ஓட்டுங்க. சேத்தைக் கலக்கினா உரம் இன்னிக்கு வரும். மதகு திறக்க இன்னும் எத்தனை மாசம் இருக்கு? அதுவரைக்கும் ஏரியில் நின்னு பச்சைதான் படரும், உங்க வயலுக்கு ஒண்ணும் வராது. பாசியா அறுத்தா இன்னிக்கே உங்க வயலில். வேர் இருந்தா மறுபடி தழைக்கும், மறுபடி அறுக்கலாம்."

யாரோ ஒரு பெண் பின்னாலிருந்து, "அப்போ கருக்கருவா எடுத்தாரணுமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அறுப்பு என்ற சொல் காதில் விழுந்தால் அந்த ஊரை யாரும் பிடித்து நிறுத்தமுடியாது. ஆளாளுக்கு வீட்டுக்கு ஓடினார்கள். எருமைகளைக் கழற்றிவிட்டதும் அவை பாட்டுக்குக் கரையில் மேயப் போயின.

அடுத்த பேஜார் ஆரம்பமாயிற்று. பரம்புக்குப் பயந்த நான் இப்போது அரிவாளுக்குப் பயப்படவேண்டியிருந்தது. இறங்கியவர்கள் ஒரு பக்கத்திலிருந்து மொட்டையடித்துக்கொண்டே வந்தார்கள். "டாக்டரம்மா, அத்தயும் அறுத்துட்டா என் குஞ்சுங்கோ எங்க ஒளியும்? கொக்கு வந்து பொறுக்கிக்கினு பூடும்!" என்று கோதண்டம் இடுப்பில் கை ஊன்றிக்கொண்டு ஓடிவந்தார். அவருக்கும் தணிகாசலத்துக்கும் தண்ணீருக்குள்ளேயே தகராறு. பாதி வேண்டும் என்கிறார் ஒருவர், முக்கால் வேண்டும் என்கிறார் மற்றவர். நான் மூங்கில் கழி கேட்டு வாங்கி, நானே இறங்கி வரிசையாக நட்டேன். ஒரு பட்டை அறுப்பது, பக்கத்துப் பட்டை விடுவது. மதகுக்கு எதிரில் மட்டும் கையால் மெதுவாக வேரோடு எடுப்பது. "கழியைத் தாண்டினா யாரா இருந்தாலும் ஊசி போடுவேன்!" என்றேன். டாக்டரம்மா பட்டம் அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது.

தாசில்தார் வெள்ளை வேட்டியும் கொடியுமாக வந்து, "எருமையெல்லாம் எங்கேய்யா?" என்று கேட்டார். தலைவர் கொஞ்சமும் அசரவில்லை. "திட்டம் மாறிப்போச்சுங்க, இப்போ பாசி அறுவடைங்க" என்று மாலையைப் போட்டு, கையில் அரிவாளைக் கொடுத்துவிட்டார். பாவம், அவர் அரிவாளோடு நின்றுகொண்டு சுத்தத்தைப் பற்றி நீளமாகப் பேசினார். எல்லோரும் முதுகைக் காட்டி அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் ஜீப் திரும்பி வந்தது. கறுப்புக் கண்ணாடியோடு எங்கள் பெரியவர் இறங்கினார். "மெட்ராஸ் ஐ! மெட்ராஸ் ஐ!" என்று ஊர் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று தாசில்தார் உட்பட எல்லோரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு பேசினார்கள். நான் நடந்ததை மூச்சு விடாமல் சொன்னேன். காலையிலிருந்து தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன், ஒரு சபாஷாவது வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் எதையும் கேள்வியாகவே பேசுகிற மனுஷர்.

"அறுத்ததை எங்கே போடறாங்க?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். கரையின் உள்பக்கச் சரிவில், தண்ணீரை ஒட்டி, பச்சைப்பசேல் என்று குவியல் குவியலாகக் கிடந்தது. இறக்கிவைக்கச் சௌகரியமான இடம். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கோடைமழை. அறுத்த பாசி வெயிலில் வதங்கி இளகியிருந்தது. அதன்மேல் ஒரு மழை அடித்தால் சாறெல்லாம் நேரே ஏரிக்குத்தான். பரம்படித்திருந்தாலும் இதே கதிதான், இத்தனை உழைப்பு இல்லாமல் வெறும் பானகச் செலவோடு முடிந்திருக்கும்.

"எல்லாரும் வாங்க! இதையெல்லாம் கரைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகணும், உடனே!" என்று கத்தினேன்.

யாரும் அசையவில்லை. "நாளைக்கு வண்டி கட்டிக்கலாம்மா. காலைல நாஷ்டா துன்னது, வயிறு கபகபன்னுது" என்றார் தலைவர். நியாயம்தான், மத்தியானம் வரை தண்ணீரில் நின்றவர்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோதண்டம் தனியாக ஒரு பாசிக் கட்டைத் தூக்கினார், முதுகு பிடித்துக்கொண்டது, உட்கார்ந்தார்.

"மழை வந்தா இதிலிருக்கிற நீலமெல்லாம் திரும்ப ஏரிக்குப் போயிடும்" என்றேன். சத்தம்கூட வரவில்லை, முணுமுணுத்தேன்.

தணிகாசலம் காதில் விழுந்தது. "இன்னாது? என் உரமா?" சாப்பிட உட்கார்ந்தவர் எழுந்துவிட்டார். "டேய், வண்டிய ஓட்டியாங்கடா! என் உரம் போவுதுடா!" தன் வண்டியை முதலில் கொண்டுவந்து நிறுத்தினார். 'என் உரம்' என்று அவர் சொன்னதும், 'அது என்ன உன் உரம்?' என்று மற்றவர்களுக்கும் சோறு மறந்துபோயிற்று. கழற்றிவிட்ட எருமைகளைப் பிடித்து வண்டியில் பூட்டினார்கள். கட்டுக்குக் கட்டு கைமாறிக் கரை ஏறியது. வரிசையில் ஆள் குறைந்த இடத்தில் தாசில்தாரை நிறுத்திவிட்டார்கள். வெள்ளை வேட்டி என்ன ஆயிற்று என்று நான் சொல்லவேண்டியதில்லை. பெரியவரும் கறுப்புக் கண்ணாடியோடு வரிசையில் நின்றார். அவருக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டே கட்டை வாங்கினார்கள். கடைசி வண்டி கரையைத் தாண்டியபோது பெரிய பெரிய துளியாக விழ ஆரம்பித்தது.

ஆனாலும் எனக்கு நிம்மதி இல்லை. இத்தனை கால்கள் ஏரிக்குள் நடந்திருக்கின்றன. எவ்வளவு சேறு கலங்கியதோ, எவ்வளவு சாறு இறங்கியதோ, யாருக்குத் தெரியும்? அதற்கு உடனே பதில் சொல்லும் பாட்டில் என்னிடம் இல்லை. மீனுக்குத் தெரியும். தண்ணீரில் காற்றுக் குறைந்தால் விடியற்காலையில் வாயைத் திறந்துகொண்டு மேலே வரும், ஏரி முழுக்க வாய்கள் தெரியும். அந்த வாரம் தினமும் இருட்டோடு ஜீப்பில் போனேன். கோதண்டம் எனக்கு முன்னால் கரையில் நின்றிருப்பார். இருவரும் வெளுக்கும்வரை தண்ணீரைப் பார்ப்போம். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு என்று போவோம்.

ஆபத்து வந்தால் வாரத்துக்குள் வந்துவிடும் என்று பெரியவர் சொல்லியிருந்தார். கடைசி நாள் காலையில் காற்றே இல்லை. தண்ணீர் அசையாமல் கிடந்தது. மெல்ல வெளுத்தது. பட்டை பட்டையாக விட்டிருந்த பாசி, அதற்கு நடுவில் தெளிந்த தண்ணீர். கோதண்டம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலியேம்மா" என்றார்.

"எனக்கும் தெரியலை" என்றேன்.

"ஒண்ணுமே தெரியலம்மா!" என்று இடுப்பிலிருந்து கையை எடுத்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை, நான் என்ன செய்தேன் என்றும் ஞாபகம் இல்லை. ஊர்ப்பக்கம் திரும்பி, "வந்து பாருங்கோ! அல்லாரும் வந்து பாருங்கோ!" என்று கத்தினார்.

வயலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த தணிகாசலம் பதறிப்போய் மண்வெட்டியோடு ஓடிவந்தார். நாலைந்து பேர் பின்னால் வந்தார்கள். தணிகாசலம் ஏரியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி ஏரியைப் பார்த்தார்.

"இன்னாத்த பாக்க சொல்றே? ஒண்ணியும் காணோமே."

"அதான் நைனா" என்றார் கோதண்டம். "நல்லா பாரு."

எல்லோரும் கரையில் நின்று பார்த்தோம்.